ஆபா: பாடுவதை நிறுத்திய பிறகும் வளர்ந்துகொண்டே போகும் குழு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனைச் சேர்ந்த பாப் இசைக்குழுவான ஆபா தன் உச்சத்தில் இருந்தது பத்தாண்டுக்கும் குறைவு. 1982-க்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் புதிய பாட்டே கிடையாது. ஆனாலும் அவர்களுடைய பாட்டு வராத ஐரோப்பியக் கல்யாண விருந்து அபூர்வம். அந்தப் பாட்டுகள் வெளிவந்தபோது பிறந்தேயிருக்காதவர்கள் இன்று அவற்றை வரி விடாமல் பாடுகிறார்கள். இது எப்படி நடந்தது என்று நண்பர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளையும், என்னால் முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆபா என்பவர்கள் யார்?

நான்கு பேர். அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கோக், பியோர்ன் உல்வேயஸ், பென்னி ஆண்டர்சன், ஆன்னி-ஃப்ரிட் லிங்ஸ்டாட். கடைசியாகச் சொன்னவரை எல்லோரும் ஃப்ரீடா என்றே அழைப்பார்கள். பெண்கள் இருவரும் முன்னால் நின்று பாடுவார்கள். பென்னி பியானோ, பியோர்ன் கிட்டார். மெட்டு இருவரும் சேர்ந்து போடுவது. வரிகளை ஆரம்பத்தில் மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சனும் சேர்ந்து எழுதினார், போகப்போகப் பெரும்பாலும் பியோர்னே எழுதினார். அந்த நாட்களில் அக்னெத்தாவும் பியோர்னும் ஒரு தம்பதி, ஃப்ரீடாவும் பென்னியும் இன்னொரு தம்பதி.

நால்வருமே குழு சேர்வதற்கு முன்பே ஸ்வீடனில் பெயர் தெரிந்தவர்கள். பென்னி ‘ஹெப் ஸ்டார்ஸ்’ என்ற ராக் குழுவிலும், பியோர்ன் ‘ஹூட்டனானி சிங்கர்ஸ்’ என்ற நாட்டுப்புறப் பாட்டுக் குழுவிலும் இருந்தவர்கள். அக்னெத்தா 1968-லேயே, 18 வயது நிரம்புவதற்குள், தானே எழுதிய பாட்டோடு ஸ்வீடனின் பிரபலப் பாட்டுகள் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். ஃப்ரீடா பதின்வயதிலிருந்தே நடனக் குழுக்களோடும் ஜாஸ் பாணியிலும் பாடிப் பழகியவர். அதனால் 1974-ல் உலகம் பார்த்தது நான்கு புதுமுகங்களை அல்ல, பத்தாண்டு மேடைப் பழக்கம் உள்ள தொழில்காரர்களை.

யூரோவிஷன் போட்டியில் என்ன நடந்தது?

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் பாட்டுப் போட்டி. 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். ‘வாட்டர்லூ’ பாட்டு 24 புள்ளிகளோடு ஜெயித்தது. பின்னணி வாத்தியக் குழுவை நடத்த வந்தவர் நெப்போலியன் வேடத்தில் வந்தார். போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. சில வாரங்களிலேயே அதே நாட்டின் பட்டியலில் ‘வாட்டர்லூ’ முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் போட்டியில் ஜெயித்த பலர் மறக்கப்பட்டார்கள். இவர்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்?

தப்பிப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. வெற்றிக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, பிரிட்டனில் இவர்கள் விட்ட அடுத்த பாட்டுகள் எடுபடவில்லை. ஒரே பாட்டோடு முடிந்துவிட்ட குழு என்றுதான் அங்கே நினைத்தார்கள். 1975-ல் வந்த ‘எஸ்.ஓ.எஸ்.’ நிலைமையை மாற்றியது. போட்டிக்காகச் செய்த துள்ளல் பாட்டு அல்ல அது. அக்னெத்தா தனியாக, தளர்ந்த குரலில், பியானோ மட்டும் துணைக்கு இருக்க ஆரம்பிப்பார். பல்லவி வந்ததும் மொத்த வாத்தியமும் கூடவே எழும்பும். சோகமான சரணம், எழுச்சியான பல்லவி என்ற அந்த அமைப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆபா உண்மையில் ஆபா ஆனது என்று நான் நினைக்கிறேன். அதற்கு அடுத்து ‘மம்மா மியா’, ‘ஃபெர்னாண்டோ’, ‘டான்சிங் குவீன்’ மூன்றும் வரிசையாகப் பிரிட்டனில் முதலிடம். மொத்தம் ஒன்பது பாட்டுகள் அங்கே முதலிடம் பிடித்தன.

ஆபா பாட்டு என்றால் முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடுகிறதே. அந்த ஒலியின் ரகசியம் என்ன?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அவர்கள் நீடித்திருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோவ் என்பவரை ஐந்தாவது உறுப்பினர் என்றே சொல்லலாம். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அறுபதுகளில் செய்த பிரம்மாண்டமான ஒலி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பெக்டர் ஒரே அறையில் ஏராளமான கலைஞர்களை உட்காரவைத்து, ஒரே வாத்தியத்தைப் பல பேரை வாசிக்க வைத்தார். ஸ்டாக்ஹோமில் அதற்குப் பணம் இல்லை. அதனால் ட்ரெட்டோவ், இருக்கிற சில கலைஞர்களையே மறுபடியும் அதே பகுதியை வாசிக்கச் சொல்லி, முதலில் பதிந்ததன் மேலேயே பதிந்தார். இரண்டாம் முறை பதியும்போது டேப் ஓடும் வேகத்தை ஒரு துளி மாற்றிவிடுவார். அதனால் இரண்டு பதிவுகளுக்கும் சுருதியில் மிக மெல்லிய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் கேட்பவருக்கு ஒலி தடிமனாகவும் பளபளப்பாகவும் தெரியக் காரணம்.

குரலிலும் இதே வேலை. அக்னெத்தாவின் குரல் உச்சத்தில் தெளிவானது. ஃப்ரீடாவின் குரல் கீழ்ஸ்தாயியில் கனமும் இருட்டும் உள்ளது. இருவரையும் தங்கள் எல்லைக்கு மேலே எட்டிப் பாடச் சொல்வார்கள் பியோர்னும் பென்னியும். இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது, இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது குரல் ஒன்று கேட்கும். ‘டான்சிங் குவீன்’ முழுக்க அந்தக் குரல்தான்.

அந்தப் பாட்டை ஒருமுறை உன்னிப்பாகக் கேளுங்கள். பியானோ கட்டைகளின் மேல் விரல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வரும். சரணம் வரும் என்று காத்திருப்போம். வருவது பல்லவி, அதுவும் பல்லவியின் பின்பாதி. நடந்துகொண்டிருக்கும் விருந்துக்குள் கதவைத் திறந்து நுழைந்த உணர்வு. இதன் பதிவு 1975 ஆகஸ்டில் தொடங்கியது. பாட்டு கடைக்கு வந்தது 1976 ஆகஸ்டில். நடுவில், 1976 ஜூன் 18 அன்று, ஸ்வீடன் மன்னரின் திருமணத்துக்கு முந்தைய நாள் கலைவிழாவில் மேடையேறியது. குரல் சேர்க்காத பதிவைப் பென்னி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டியபோதே தனக்கு அழுகை வந்துவிட்டது என்று ஃப்ரீடா சொல்லியிருக்கிறார்.

மெட்டுகளை எப்படிப் போட்டார்கள்?

ஸ்டாக்ஹோமுக்கு வெளியே, தீவுக்கூட்டத்தில் விக்ஸோ என்று ஒரு சிறு தீவு. அங்கே ஒரு மரக்குடிலில் பழைய பியானோ ஒன்றும் ஒரு கிட்டாரும். இருவரும் அலுவலகத்துக்குப் போவதுபோல் போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பார்கள். தோன்றியதை உடனே எழுதியோ பதிந்தோ வைப்பதில்லை. மறுநாள் காலையில் நினைவில் இருக்கும் மெட்டுதான் நல்ல மெட்டு என்பது அவர்கள் கணக்கு. எட்டு ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டுகளும் இந்தச் சல்லடையைத் தாண்டி வந்தவை. அப்படி வந்தது கேட்பவர் நினைவில் தங்குவதில் ஆச்சரியம் இல்லை.

இவை கொண்டாட்டப் பாட்டுகள்தானே? இதில் ஆழம் எங்கே இருக்கிறது?

ஆபாவைப் பற்றி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம் இது. மேலோட்டமாகக் கேட்டால் கொண்டாட்டம்தான். ஆனால் சொற்களைக் கவனித்தால் பிரிவு, தனிமை, கைநழுவிய காதல், வயதாவது. ‘நோயிங் மீ, நோயிங் யூ’ ஒரு வீட்டைக் காலி செய்யும் தம்பதியைப் பற்றியது. ‘சூப்பர் ட்ரூப்பர்’ பெரிய மேடையின் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவரின் தனிமை. ‘ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்’ பள்ளிக்கூடம் கிளம்பும் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்.

2010-ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம் கிடைத்தபோது பென்னி இதைப் பற்றிப் பேசினார். எங்களுக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோக இசையான ப்ளூஸ் கிடையாது. ஆனால் ரஷ்யாவிலிருந்து பின்லாந்து வழியாக ஸ்காண்டினேவியா வரை வடக்கே ஒரு சோகப் பட்டை ஓடுகிறது, அதன் நாட்டுப்பாடல்களில் நீண்ட குளிர்காலம் இருக்கிறது, அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்ற பொருள்பட விளக்கினார். பென்னி சிறுவயதில் தன் அப்பாவோடும் தாத்தாவோடும் அக்கார்டியன் வாசித்து வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

வெறும் சந்தோஷப் பாட்டு ஒரு பருவத்தோடு அலுத்துவிடும். வெறும் சோகப் பாட்டை விருந்தில் போட முடியாது. ஆபாவின் பாட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதால், பதினைந்து வயதில் ஆடியவர் நாற்பத்தைந்து வயதில் அதே பாட்டை வேறு பாட்டாகக் கேட்கிறார். இதற்கு நல்ல சாட்சி வியட்நாம். 1980-ல் வந்த ‘ஹாப்பி நியூ இயர்’ பாட்டு அங்கே புத்தாண்டு சமயத்தில் கடைகளிலும் தெருக்களிலும் ஓயாமல் ஒலிக்கும். விருந்து முடிந்து விடிந்த காலையின் சோர்வைப் பற்றிய பாட்டு அது. அந்த மெட்டு இரண்டையும் தாங்குகிறது.

‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ அவர்களுடைய விவாகரத்தைப் பற்றியதா?

பியோர்னும் அக்னெத்தாவும் பிரிவதாக அறிவித்தது 1979 ஜனவரியில். பாட்டு வந்தது 1980-ல். வரிகளை எழுதியவர் பியோர்ன். தோற்றுப்போன பெண்ணின் வாயால் அதைப் பாடியவர் அக்னெத்தா. அதில் வரும் சம்பவங்கள் கற்பனை, எங்கள் இருவரில் ஜெயித்தவர் என்று யாருமில்லை என்று பியோர்ன் பலமுறை சொல்லியிருக்கிறார். பிரிவின் அனுபவம் இல்லாமல் இதை எழுதியிருக்க முடியாது என்பதையும் அவர் மறுக்கவில்லை.

இசையாகப் பார்த்தாலும் இது வியப்பான வேலை. மொத்தப் பாட்டிலும் இரண்டே மெட்டுத் துண்டுகள், மாறி மாறி வருகின்றன, இறங்கு முகமாகவே. மாறுவதெல்லாம் பின்னணியின் கனமும் அக்னெத்தா பாடும் விதமும். பேசுவதுபோலத் தொடங்கி, நடுவில் வேகம் கூடி, கடைசியில் மறுபடி சோர்ந்து தணிவார். என்னைக் கேட்டால் அவர்களுடைய ஆகச் சிறந்த பாட்டு இதுதான்.

ஸ்வீடனிலேயே இவர்களை எதிர்த்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். எழுபதுகளில் அங்கே இடதுசாரி இசை இயக்கம் ஒன்று வலுவாக இருந்தது. இசை என்பது சமூகத்தைப் பற்றிப் பேச வேண்டும், லாபத்துக்காக இருக்கக் கூடாது என்றவர்கள் அவர்கள். ஆபாவின் வெற்றியால் 1975 யூரோவிஷன் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது எதிர்ப்புப் பேரணியும் மாற்று இசைவிழாவும் நடந்தன. இன்று அதே நகரத்தில் யூர்கோர்டன் தீவில் ஆபா அருங்காட்சியகம் இருக்கிறது (2013-ல் திறந்தது). 2024-ல் மன்னர் நால்வருக்கும் வாசா விருது கொடுத்துக் கௌரவித்தார்.

ஆஸ்திரேலியாவில் ஏன் அவ்வளவு வெறி?

தொலைக்காட்சிதான் காரணம். ஆபா அதிகம் சுற்றுப்பயணம் போன குழு அல்ல. போக முடியாத நாடுகளுக்கு அனுப்ப, பாட்டுக்குப் பாட்டு சின்னப் படங்கள் எடுத்தார்கள். எடுத்தவர் பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர்பெற்ற லாஸ்ஸே ஹால்ஸ்ட்ராம். செலவு குறைவு, நேரம் குறைவு. ஒருவர் முகம் நேராகவும் மற்றவர் முகம் பக்கவாட்டிலும் ஒட்டி நிற்கும் அந்த நெருக்கக் காட்சி இவர் படங்களின் அடையாளம். எம்டிவி வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை இது.

1975-ல் ஆஸ்திரேலியாவின் ‘கவுன்ட்டவுன்’ நிகழ்ச்சி ‘மம்மா மியா’ பாட்டுக்கு எடுத்த சின்னப் படத்தை ஒளிபரப்பியது. நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு ‘ஃபெர்னாண்டோ’ அங்கே 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1977 மார்ச்சில் நால்வரும் நேரில் போனபோது கிடைத்த வரவேற்பு ஒரு முழுநீளப் படத்துக்கே களமானது. பின்னாளில் ஆபாவுக்கு மறுவாழ்வு கொடுத்ததிலும் ஆஸ்திரேலியாவுக்குப் பங்கு உண்டு.

அமெரிக்காவில்?

அங்கே அவ்வளவு இல்லை. முதலிடம் பிடித்த ஒரே பாட்டு 1977 ஏப்ரலில் ‘டான்சிங் குவீன்’. அமெரிக்கா இவர்களை முழுமையாக ஏற்றுக்கொண்டது, ஆபா பாட்டுகளை வைத்துச் செய்த ‘மம்மா மியா’ மேடை நாடகமும் படமும் வந்த பிறகுதான்.

அந்தப் பளபளா உடைகளுக்கு வரிச்சலுகைதான் காரணமாமே?

ஒரு காரணம். அன்றாடம் போட முடியாத உடையாக இருந்தால்தான் ஸ்வீடன் வரிச்சட்டப்படி அதைத் தொழில் செலவாகக் காட்ட முடியும் என்று பியோர்னே சொல்லியிருக்கிறார். கண்ணில் பட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, காலமும் அப்படிப்பட்டது.

எப்போது பிரிந்தார்கள்?

முறையாக அறிவித்துப் பிரியவே இல்லை. 1981-ல் பென்னி–ஃப்ரீடா திருமணமும் முறிந்தது. அந்த ஆண்டு இறுதியில் வந்த ‘தி விசிட்டர்ஸ்’ ஆல்பத்தில் பழைய துள்ளல் ஏறக்குறைய இல்லை. பனிப்போர் பயமும் பிரிவும்தான் இருக்கிறது. 1982-ல் சிடி என்ற புதிய வடிவத்தில் முதன்முதலில் அச்சான ஆல்பங்களில் ஒன்று அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘தி டே பிஃபோர் யூ கேம்’ பதிவு, டிசம்பரில் கடைசித் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அப்புறம் ஆளுக்கொரு வேலை. பியோர்னும் பென்னியும் ‘செஸ்’ இசை நாடகத்துக்குப் போனார்கள்; பெண்கள் இருவரும் தனி ஆல்பங்கள் வெளியிட்டார்கள்.

பிறகு எப்படித் திரும்பி வந்தார்கள்?

அவர்கள் வரவில்லை, பாட்டுகள் வந்தன. எண்பதுகளின் பிற்பாதியில் ஆபா பிடிக்கும் என்று வெளியே சொல்லவே பலர் கூச்சப்பட்டார்கள். அப்போது அவர்களை விடாமல் வைத்திருந்தவர்களில் நடன விடுதிக்காரர்களும், குறிப்பாக ஒருபால் ஈர்ப்புச் சமூகத்து ரசிகர்களும் முக்கியமானவர்கள். அந்தக் கடனை ஆபாவின் வரலாற்றை எழுதுபவர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

1988-ல் மெல்போர்னில் ‘பியோர்ன் அகெய்ன்’ என்ற பிரதிக் குழு தொடங்கியது. 1992-ல் பிரிட்டனின் இரேஷர் குழு நான்கு ஆபா பாட்டுகளைத் தன் பாணியில் பாடி முதலிடம் பிடித்தது. அதே கோடையில் யு2 குழு ஸ்டாக்ஹோம் மேடையில் பியோர்னையும் பென்னியையும் ஏற்றி ‘டான்சிங் குவீன்’ பாடியது. இதற்குள் பாட்டுகளின் உரிமை பாலிகிராம் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. செப்டம்பரில் 19 பாட்டுகள் கொண்ட ‘ஆபா கோல்ட்’ தொகுப்பு வந்தது. பழைய பாட்டுத் தொகுப்பு என்றால் சில மாதம் விற்கும், ஓயும். இது 2021-ல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் ஆயிரம் வாரங்களைத் தொட்டது. அதற்கு முன் வேறு எந்த ஆல்பமும் அதைச் செய்ததில்லை.

‘மம்மா மியா’ நாடகத்தின் பங்கு என்ன?

மிகப் பெரியது. ‘செஸ்’ நாடகத்தில் வேலை செய்த ஜூடி கிரேமர் என்ற தயாரிப்பாளருக்கு, ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ பாட்டுக்குள்ளேயே ஒரு நாடகம் இருக்கிறது என்று தோன்றியது. பத்தாண்டுக்கு மேல் விடாமல் முயன்றார். ‘வாட்டர்லூ’ ஜெயித்து சரியாக 25 ஆண்டு ஆன அன்று, 1999 ஏப்ரல் 6, லண்டனில் அரங்கேறியது. ஆபாவின் வாழ்க்கைக் கதையைச் சொல்லாமல், கிரேக்கத் தீவில் ஒரு தாய்–மகள் கதையைச் சொன்னதுதான் அதன் புத்திசாலித்தனம். பாட்டுகள் நான்கு பேரிடமிருந்து விடுபட்டு, யார் வேண்டுமானாலும் பாடக்கூடியவை ஆயின. 2008 படத்தில் ஹாலிவுட் நடிகை மெரில் ஸ்ட்ரீப் பாடியதும், ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு அதுவே முதல் அறிமுகமானது.

மறுபடி சேரப் பெரிய தொகை பேசினார்களாமே?

2000-ல் நூறு சுற்றுப்பயண நிகழ்ச்சிகளுக்கு நூறு கோடி டாலர் என்று ஒரு வாய்ப்பு வந்தது. மறுத்துவிட்டார்கள். ரசிகர்கள் நினைவில் இருக்கும் இளமையான குழுவை அப்படியே விடுவது நல்லது என்பது பியோர்னின் வாதம். பாட்டுகளை மற்றவர்களுக்குக் கொடுப்பதிலும் கறார்தான், ‘கிம்மி! கிம்மி! கிம்மி!’ இசைத்துண்டைத் தன் 2005 பாட்டில் பயன்படுத்த மடோனாவே கடிதம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். இந்தக் கறார்த்தனம் இல்லாமல் இருந்திருந்தால் பாட்டுகள் விளம்பரங்களில் தேய்ந்து போயிருக்கும்.

லண்டனில் நடக்கும் ஆபா நிகழ்ச்சியில் தெரிவது ஹாலோகிராமா, அதாவது ஒளியால் உண்டாக்கும் முப்பரிமாண உருவமா?

இல்லை. 2022 மே 27 அன்று தொடங்கிய ‘ஆபா வோயேஜ்’ நிகழ்ச்சியில் நாம் பார்ப்பது மிகப் பெரிய, மிகத் துல்லியமான திரை. அதற்காகவே கட்டிய அரங்கில் 3,000 பேர் இடம் பிடிக்கலாம். எழுபது வயதை ஒட்டிய நால்வரும் உணரிகள் பதித்த உடையில், ஐந்து வாரம், 160 கேமராக்களுக்கு முன்னால் பாடி நடித்தார்கள். அந்த அசைவுகளை வைத்து இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற திரைப்பட கிராஃபிக்ஸ் நிறுவனம் அவர்களுடைய எழுபதுகளின் பிற்பாதித் தோற்றத்தை உருவாக்கியது. திரைக்குப் பக்கத்தில் பத்துப் பேர் கொண்ட இசைக்குழு நிஜமாக வாசிக்கிறது. அந்த உயிருள்ள வாத்தியம்தான் மொத்தத்தையும் நம்பவைக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்காகச் சேர்ந்தபோதுதான் புதிய பாட்டுகளும் பிறந்தன. 2021 நவம்பரில் ‘வோயேஜ்’ ஆல்பம் வந்தது, முந்தையதற்கு 40 ஆண்டு கழித்து. இளமைக் குரலைப் போலிசெய்யாமல், சற்று இறங்கிய, வயதான குரலிலேயே பாடியிருக்கிறார்கள். சரியான முடிவு.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

‘ஆபா கோல்ட்’ போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடங்க அது சரி. ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்து 1976-ன் ‘அரைவல்’ ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், பிறகு நேரே ‘தி விசிட்டர்ஸ்’. ஐந்து ஆண்டு இடைவெளியில் நான்கு பேருக்கு என்ன ஆயிற்று என்பது இந்த இரண்டிலும் கேட்கும். கைபேசி ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். முதல்முறை அக்னெத்தா, ஃப்ரீடா குரல்களைத் தொடருங்கள், மறுமுறை ருட்கர் குன்னார்சன் வாசிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் தொடருங்கள்.